ஆஸ்கார் ஏழு கேட்கிறது

விழுப்புரம்
12.7.1982

அன்புள்ள இருதயராஜ்,

நேற்றும் நீ வரவில்லை. போன ஞாயிறும் வரவில்லை. வேங்கடேசன் சென்னையிலிருந்து வழக்கம்போல ரேடியோவில் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு வருகை எடுத்தார். வேலூர் இருந்தது, பாண்டிச்சேரி இருந்தது, கும்பகோணத்து டாக்டர் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். "திண்டிவனம்" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டார். வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச நாம் ஹாம் லைசென்ஸ் வாங்கியதிலிருந்து ஞாயிறு காலை உன் குரல் இல்லாமல் போனது அம்மணி இறந்தபோது மட்டும்தான்.

நான் சொன்ன சொல்தான் காரணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நீயும் யோசித்துப் பார். அன்றைக்கு வேங்கடேசன் இத்தனை பேர் கேட்க என்ன அறிவித்தார்? "நம்ம இருதயராஜ் ஆஸ்கார் ஏழைக் கேட்டிருக்கார். ஒரு வருஷமா பேச்சில்லாம கெடந்த செயற்கைக்கோள் திரும்பிடுச்சி. நான் அமெரிக்காவுக்கு எழுதப்போறேன்" என்றார். எந்தச் செயற்கைக்கோள் இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று அங்கிருக்கும் ஹாம் சங்கம் வெளியிடும் நிலவரத்தில் ஒருமுறை தப்பான சேதி ஏறிவிட்டால், ஜப்பான்காரன் முதல் பிரேசில்காரன் வரை ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்காருவான். ஒன்றும் கேட்காது. அப்புறம் உன் பெயரைச் சொல்லிச் சிரிப்பான். அது நடக்கக்கூடாது என்றுதான் குறுக்கே புகுந்தேன். "வேணாங்க, அது செத்து ஒரு வருஷம் ஆச்சு, திண்டிவனத்துல அவருக்கு ஏதோ பிரமை" என்று வாயில் வந்துவிட்டது.

உனக்குத் தெரியாதது இல்லை. அதன் பேட்டரி உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது. வெயில் எவ்வளவு பட்டாலும் கரண்ட் முழுக்க அந்தப் பழுதுக்குள்ளேயே போய்விடும். பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பேசாது.

கெங்கம்மாள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ரேடியோவை அணைத்ததும் வந்து நின்றாள். "ஏங்க, பொண்டாட்டிய பறிகுடுத்த மனுசன்கிட்ட போயி, செத்தது செத்ததுதான்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிக்கினு இருக்கீங்களே, உங்களுக்கு இன்னா வந்துச்சி?" என்றாள். நான் செயற்கைக்கோளைப் பற்றிச் சொன்னேன் என்றேன். "அவருக்கு அப்பிடியா கேட்டிருக்கும்?" என்றாள்.

அப்போதிலிருந்து எனக்குச் சரியாக இல்லை. வருகிற ஞாயிறு வா. திட்டவாவது வா.

எழுபத்துமூன்று.
சக்கரபாணி


திண்டிவனம்
20.7.1982

மதிப்பிற்குரிய திரு. சக்கரபாணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கெங்கம்மாள் தங்கச்சிக்கு என் நன்றியைச் சொல்லவும்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வராததற்குப் பள்ளிக்கூட வேலையே காரணம் என்று யாராவது கேட்டால் சொல்லிவிடவும்.

மூன்று வருஷத்துக்கு முன் வேங்கடேசன் அவர்கள் ஒரு மத்தியான வேளையில் ஆஸ்திரேலியாவைக் கேட்டதாகச் சொன்னார். அந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் ஆஸ்திரேலியா வர வழியே இல்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அன்று தாங்கள் "அப்பிடிங்களா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டீர்கள். பிரமை என்ற சொல் தங்கள் வாயில் வரவில்லை. அது எனக்கென்று இருந்திருக்கிறது.

காற்றில் நமக்குத் தெரு கிடையாது, சக்கரபாணி. அழைப்புக்குறியாக இருக்கும் நாலு எழுத்தும் ஒரு எண்ணும்தான் நம் பெயர். நான் எங்கே பிறந்தவன், எங்கள் சனங்கள் யார் நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள் என்பதெல்லாம் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் இத்தனை காலம் அதில் இருந்தேன். தாங்கள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று தங்களுக்காக நானே என்னிடம் வாதாடிப் பார்த்துவிட்டேன். பாதி இரவு ஜெயிக்கிறேன், பாதி இரவு தோற்கிறேன்.

என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜூன் மாதம் அம்மணிக்கு முதலாம் ஆண்டுப் பூசை முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ரேடியோவின் மேல் துணி போர்த்திவிட்டேன். சாயங்காலங்களில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பூமாலை வந்து துணியை எடுத்துவிட்டு, "சும்மா போட்டு வையிப்பா, வூடு வெறிச்சினு கீது" என்று ரேடியோவைப் போட்டாள். ஆஸ்கார் ஏழு வருகிற நேரம். அது செத்த பிறகும் அதன் வரவை நான் கணக்குப் போட்டு சுவரில் ஒட்டிக்கொண்டேதான் இருந்தேன் என்பது தங்களுக்குத் தெரியும்.

இரைச்சலுக்கு உள்ளே, கிணற்றுக்கு அடியில் யாரோ குடத்தை மெல்லத் தட்டுவதுபோல அந்த மோர்ஸ் ஒலி கேட்டது. நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. ஹெச், ஐ. ஹாய், ஹாய் என்று அது தன் பேச்சைத் தொடங்குமே, அதே. மாடியில் அம்மணி ஏரியலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலவே இருந்தது. அவளுக்கு டிகிரி கணக்குத் தெரியாது. "திருவக்கரையில புடிச்சி ஓமந்தூர் வழியா மரக்காணத்துல வுடு" என்று நான் கீழேயிருந்து சொல்வேன். அந்தந்த ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே வருவாள். கடலுக்கு மேலே போனதும், "போயிடுச்சிங்க" என்று குரல் கொடுப்பாள்.

நான் கேட்டேன். இன்றும் கேட்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ம. இருதயராஜ்


விழுப்புரம்
26.7.1982

அன்புள்ள இருதயராஜ்,

உன் கடிதத்தைக் கெங்கம்மாளிடம் படித்துக் காட்டினேன். 'காற்றில் நமக்குத் தெரு கிடையாது' என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவள் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

வேங்கடேசனிடம் சொல்லியிருக்கமாட்டேன். நீ சொன்னது உண்மை. அவர் சென்னைக்காரர், பெரிய உத்தியோகம், அதனால் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடியிலும் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தோண்டிப் பார்க்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவன் வாயில் சில சொற்கள் சுலபமாக வந்துவிடும். என்னை மன்னித்துவிடு. இதை எல்லோரும் கேட்க ஞாயிறன்று சொல்லவும் தயார். நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

கடைசியில் எழுபத்துமூன்றுகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். முன்பின் தெரியாத ருஷ்யனுக்குக்கூட நாம் அந்த வாழ்த்தைச் சொல்லாமல் விடமாட்டோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கேட்காமல் இருந்தால் நான் உனக்கு நண்பனாக இருக்கலாம், ஹாமாக இருக்க முடியாது. நீ கேட்ட ஒலியின் சுருதி இறங்கியதா?

எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயில் ஊதிக்கொண்டே வரும்போது ஒரு சுருதி, நம்மைத் தாண்டிப் போகும்போது வேறு சுருதி. செயற்கைக்கோளும் அப்படித்தான். நெருங்கும்போது மேலே நிற்கும், தலைக்கு மேல் வந்து விலகும்போது சரிந்துகொண்டே போகும். நாம் விடாமல் டயலைத் திருப்பிக்கொண்டே துரத்த வேண்டும். இறங்கினால் அது வானத்தில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால் தரையில் இருக்கிறது. உன் கடிதத்தில் டயலைத் திருப்பியதாக ஒரு வரி இல்லை.

உன் கணக்குப்படி அதே சாயங்காலங்களில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச்செடிமேல் தூறல் விழுகிற மாதிரி இரைச்சல். வேறு எதுவும் இல்லை. அங்கே கேட்பது இங்கே கேட்காமல் போவதற்கு நமக்கு நடுவில் என்ன இருக்கிறது? மயிலம் மலையும் கூட்டேரிப்பட்டு டீக்கடைகளும்தானே.

சக்கரபாணி


திண்டிவனம்
3.8.1982

திரு. சக்கரபாணி அவர்களுக்கு,

பொது மன்னிப்பு எதுவும் வேண்டாம். எழுதியதே போதும். அதை நம்புகிறேன்.

மற்ற கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது. தயவுசெய்து திரும்பக் கேட்க வேண்டாம். வேங்கடேசன் அமெரிக்காவுக்கு எழுதாமல் பார்த்துக்கொண்டால் அது எனக்குச் செய்யும் உதவி.

இங்கே மழை இல்லை. ஏரியில் தரை தெரிகிறது.

இருதயராஜ்


விழுப்புரம்
16.8.1982

அன்புள்ள இருதயராஜ்,

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். பூமாலை சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டில் இருப்பாய் என்று பஸ் ஏறிவிட்டேன். சுதந்திர தினம் என்பதே திண்டிவனத்தில் இறங்கி, பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் கொடியேற்றப் போயிருந்தாய்.

பூமாலை என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம், "வாங்க மாமா" என்றாள். காப்பி கொடுத்தாள். அம்மணி போடுகிற மாதிரியே கசப்பு. இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பெண் எப்படி வளர்ந்துவிட்டாள். காலேஜில் இயற்பியல் நன்றாகப் போகிறதாம்.

டம்ளரை நீட்டும்போது பார்த்தேன். அவள் ஆள்காட்டி விரல் நுனியில் சின்னதாக, வெள்ளையாக ஒரு சூட்டுத் தழும்பு. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் சுடும். எனக்கு இருக்கிறது, உனக்கு இருக்கிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள். "மாமா, ரேடியோல வர்ற சத்தம் மேலேர்ந்து வர்தா, பக்கத்துலேர்ந்து வர்தான்னு வெளிய இருக்கறவங்க கண்டுபுடிக்க முடியுமா?" என்றாள். கை தாவணி முனையை முறுக்கிக்கொண்டே இருந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "எனக்கு இன்னாம்மா தெரியும், நான் ரயில்வேல டெலிபோன் கம்பி பாக்கறவன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீ வரும்வரை இருக்கச் சொன்னாள். பஸ் போய்விடும் என்றேன். அந்த நேரத்தில் எந்த பஸ்ஸும் கிடையாது. கூட்டேரிப்பட்டு வரை ஒரு மல்லாட்டை லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தேன்.

இனிமேல் சுருதியைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். உனக்கு இது தெரியுமா தெரியாதா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தெரியாது என்றால் நான் எழுதியதே தப்பு. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஒரு வீட்டிலிருந்து எவ்வளவு சின்ன ஒலி வெளியே போனாலும், கண்டுபிடித்தால் உன் லைசென்ஸ் போகும், வாத்தியார் வேலைக்கும் கேள்வி வரும், அந்தப் பெண்ணின் பெயரும் போலீஸ் காகிதத்தில் ஏறும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வேங்கடேசனிடம் பேசிவிட்டேன். எழுதமாட்டார்.

சக்கரபாணி


திண்டிவனம்
22.8.1982

சக்கரபாணி,

எனக்குத் தெரியும். இரண்டாம் நாளே தெரியும்.

முதல் நாள் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவனுக்குச் சுருதி எங்கே புரியும். அன்றைக்கு நான் தபாலாபீசுக்கு ஓடி வேங்கடேசனுக்கு டிரங்க் கால் போட்டேன். கவுண்டரில் இருந்த பையன், "இன்னா சார், லாட்டரி வுழுந்துச்சா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பூமாலை எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்போது நான் சரியாகப் பார்த்திருந்தால் அன்றே புரிந்திருக்கும்.

மறுநாள் டயலில் கை வைத்துக்கொண்டு தயாராக இருந்தேன். துரத்த வேண்டியதே இல்லை. ஒலி ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் நின்றது. மரக்காணத்துப் பக்கம் கடலுக்கு மேலே போயிருக்க வேண்டிய நேரத்திலும் அப்படியே நின்றது. அப்புறம் பட்டென்று நின்றுபோனது. பூமாலை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "துணி எடுக்கப் போனேம்பா" என்றாள். கையில் துணி இருந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் நல்ல தூறல். கொடியில் துணியே இல்லை. அன்றைக்கும், "துணி எடுத்துக்கினு வந்துடறேம்பா" என்று போனாள். அன்றைக்கும் ஒலி வந்தது.

அவள் காலேஜுக்குப் போன பிறகு மாடிக்குப் போனேன். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு பால் பவுடர் டப்பா. உள்ளே என் பெட்டியில் இருந்த பழைய கிரிஸ்டல், இரண்டு ஐ.சி., ஒரு பேட்டரி, முழ நீளத்துக்கு ஒரு ஒயர். எங்கள் வீட்டுக்குள் மட்டும் கேட்கும் குட்டி டிரான்ஸ்மிட்டர். சால்டர் வைத்திருந்த அழகைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு புள்ளியும் மழைத்துளி மாதிரி உருண்டையாக மினுங்கியது. நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. எப்போது பார்த்துக் கற்றுக்கொண்டாள்? மாடியில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

எப்படிச் சொல்வது? "நீ எனக்காகப் பொய் செய்தாய், நான் கண்டுபிடித்துவிட்டேன்" என்று அவளிடம் சொல்லவா? அம்மா போனதிலிருந்து அவளும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள், நான் இல்லாத அறையில். அந்த நேரத்தில் அவளுக்கு நான் அப்பாவாக இல்லை. நாற்காலியில் இருந்த ஒரு மூட்டையாக இருந்தேன். அந்த மூட்டையை எழுப்ப அவளுக்குக் கிடைத்த வழி இது. அது பலித்தது என்று அவள் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். ஒலி ஒருநாள் மெலிந்தது, பேட்டரி தீர்கிறது என்று தெரிந்தது. நானே கடைவீதிக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்து மாற்றினேன். அதற்கப்புறமும் ஒருமுறை மாற்றினேன்.

இப்போது அந்த ஞாயிறு உனக்குப் புரியும். வேங்கடேசன் அறிவித்தபோது, இல்லைங்க, தப்பு என்று சொல்ல மைக்கை எடுத்தேன். பூமாலை காப்பியோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அதற்குள் நீ பேசிவிட்டாய். நீ சொன்னது சரி, நல்ல வேளை சொன்னாய். ஆனால் அந்தச் சொல்லை அவள் கேட்டாள். அப்பாவுக்குப் பிரமை என்று ஊர் சொல்லும்படி தான் செய்துவிட்டதாக அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எனக்கு உன் மேல் வந்த கோபத்தில் பாதிக்கு மேல் அதுதான். என் தெருவை இழுத்து எழுதியதில் உண்மை இருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் ஒளிந்தும்கொண்டேன். அதற்கு நீ அவ்வளவு நேர்மையாகப் பதில் எழுதுவாய் என்று எதிர்பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. ஒலி பொய் என்று தெரிந்த பிறகும் சாயங்காலமானால் எனக்கு இனிமையாகத்தான் இருந்தது. வெளிச்சம் மங்கும். தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். அந்த ஹாய் ஹாய் வந்துகொண்டே இருக்கும். கண்ணை மூடினால் வீடு லேசாகத் தரையிலிருந்து கிளம்பி, ஓமந்தூருக்கு மேலே, உப்பளத்துக்கு மேலே, கடலுக்கு மேலே மிதந்து போவதுபோல இருக்கும். அதில் நாங்கள் மூன்று பேரும் இருப்போம். அம்மணி, "எந்தப் பக்கம் திருப்பட்டும்?" என்பாள். நான், "இப்பிடியே இருக்கட்டும்" என்பேன்.

அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, சக்கரபாணி. நீ சொல்.

எழுபத்துமூன்று.
இருதயராஜ்


விழுப்புரம்
30.8.1982

அன்புள்ள இருதயராஜ்,

உன் கடிதத்தை ஸ்டேஷனில் வைத்துப் பிரித்தேன். மெயில் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

கெங்கம்மாளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு அவருக்காவ செய்யுது, அவரு அந்தப் பொண்ணுக்காவ செய்யறாரு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கினு நிக்கறாங்க. இதுல யாரு மொதல்ல கைய வுடறது?" என்றாள். அதையேதான் நானும் உன்னிடம் கேட்கிறேன்.

நீதான் விட வேண்டும். அவள் சின்னப் பெண். அவள் கையை எடுத்தால் நீ விழுந்துவிடுவாய் என்று பயந்துகொண்டிருப்பாள். நீ விழமாட்டாய் என்று நீதான் காட்ட முடியும். அவளைக் கண்டிக்காதே. மன்னிக்கவும் செய்யாதே, அவள் மன்னிக்கும்படி ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சால்டரைப் பற்றி எனக்கு எழுதினாயே, அதை அவளிடம் சொல். அப்பா சாமான் பெட்டியைத் திறந்து அவளே கட்டிய முதல் கருவியை நீ பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்திருக்கிறாய். ஒரு பாராட்டு வார்த்தை அவளுக்கு வர வேண்டியிருக்கிறது.

அந்த டப்பாவை எடுத்த பிறகு உன் சாயங்காலத்தில் என்ன இருக்கும் என்று நீ பயப்படுவாய். நிலவரம் சொல்கிறேன், கேள். நீ ஒரு வருஷமாகக் காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. ஆஸ்கார் எட்டு நன்றாக வேலை செய்கிறது. காலையிலும் வருகிறது, சாயங்காலமும் வருகிறது. ருஷ்யர்கள் போன டிசம்பரில் ஒரே ராக்கெட்டில் ஆறு விட்டார்கள். அவற்றின் மோர்ஸ் தெளிவாக இருக்கிறது, உன் ரேடியோவிலேயே விழும். ஆஸ்கார் ஒன்பதுக்கு மட்டும் ஒரு பாடு. ஏப்ரலில் யாரோ தப்பான கட்டளை அனுப்பியதில் அதன் இரண்டு டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டன. தன் சத்தத்திலேயே அதன் காது அடைத்துப்போய், நிறுத்து என்று கீழேயிருந்து சொல்வது அதற்குக் கேட்கவே இல்லையாம். இன்னும் முயற்சி செய்கிறார்கள்.

பிரமை என்று நான் சொன்னதற்குப் பூமாலையிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நேரில் வந்தும் சொல்வேன்.

எழுபத்துமூன்று.
சக்கரபாணி


திண்டிவனம்
27.9.1982

அன்புள்ள சக்கரபாணி,

தாமதத்துக்குக் காரணம் தைரியம் வராததுதான். வேறு சாக்கு சொல்லப்போவதில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவள், "துணி எடுத்துக்கினு வர்றேம்பா" என்று கிளம்பினாள். "இரும்மா, நானும் வர்றேன்" என்றேன். படியில் அவள் காலடி நின்றுவிட்டது. பிறகு ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். மாடியில் வெயில் சரிந்து, செஞ்சிப் பக்கம் மேகம் செம்மண் நிறத்தில் இருந்தது. நான் நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"சால்டர் ரொம்ப நல்லா வெச்சிக்கீறம்மா" என்றேன். யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது.

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும்பா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு. நான் போட்ட பேட்டரி பச்சை கலரு. போன மாசம் தொறந்து பாத்தா செவப்பு கலரு இருந்துது. வேற யாரு மாத்துவாங்க?"

"அப்பவே ஏம்மா நிறுத்தல?"

"நீயே மாத்தி வெச்சிக்கீற. உனக்கு வேணும்னுதானே மாத்தின? நிறுத்தினா மறுபடி அப்பிடியே ஒக்காந்துடுவியோன்னு பயம்மா இருந்திச்சி."

"உனக்கு வேணும்னு நெனச்சித்தாம்மா நான் மாத்தினேன்."

சக்கரபாணி, அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். அவள் அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா, அம்மா என்றாள். நானும் பெயரைச் சொல்லி அழுதேன். ஒரு வருஷத்தில் எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் அம்மணியின் பெயர் ஒரே நேரத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. இருட்டத் தொடங்கிய பிறகுதான் இறங்கினோம். டப்பாவிலிருந்து ஒயரைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

ஞாயிறு காலை நீ எழுதியபடி ஆஸ்கார் எட்டுக்கு உட்கார்ந்தோம். முதலில் வெறும் இரைச்சல். பிறகு நூல்போல ஒரு ஒலி எழுந்தது. பூமாலையிடம் டயலைக் கொடுத்தேன். பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது.

"அப்பா, எறங்குதுப்பா! எறங்கிக்கினே போவுதுப்பா!" என்று கத்தினாள்.

காலேஜில் அந்தச் சூத்திரத்தைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். காதால் கேட்டது இப்போதுதான். "இதான் நான் கோட்ட விட்டுட்டேன், இல்ல? இதுலதான் சக்கரபாணி மாமாவும் கண்டுபுடிச்சாரா?" என்றாள். விரலைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்றேன். உடனே விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

லைசென்ஸ் பரீட்சைக்கு மனு எழுதி அனுப்பியிருக்கிறாள். மோர்ஸ் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவள் வேகம் என்னைவிட அதிகம். போலீஸ் விசாரணை, அது இது என்று இரண்டு வருஷம்கூட ஆகலாம். பரவாயில்லை என்கிறாள். அதுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

வருகிற ஞாயிறு வருகிறேன். வேங்கடேசனிடம் சொல்லிவை. செயற்கைக்கோள் நிலவரத்தை நான் வாசிக்கிறேன்.

எழுபத்துமூன்று.
இருதயராஜ்


விழுப்புரம்
4.10.1982

அன்புள்ள இருதயராஜ்,

நேற்று உன்னோடு பேச முடியாமல் போனதால் எழுதுகிறேன்.

உன் அழைப்புக்குறி கேட்டதும் வேலூர், பாண்டிச்சேரி எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசியதில் யார் என்ன சொன்னார்கள் என்றே புரியவில்லை. வேங்கடேசன் அதட்டி ஒழுங்கு செய்தார். பிறகு நீ படித்தாய். ஆஸ்கார் எட்டு நன்றாக இயங்குகிறது என்றாய். ருஷ்யர்களின் கோள்கள் வரும் நேரத்தைச் சொன்னாய். ஆஸ்கார் ஒன்பதைக் கலிபோர்னியாவில் ஒரு பெரிய கிண்ண ஏரியலை வைத்துக் கத்திச் சொல்லி, ஒருவழியாக அதன் காதில் விழவைத்துவிட்டார்கள், இப்போது சரியாகிவிட்டது என்றாய். டாக்டர் இருமலை மறந்து கைதட்டியது எனக்குக் கேட்டது.

காகிதம் சரசரத்தது.

"ஆஸ்கார் ஏழு இயங்கவில்லை. ஜூன் மாதம் நான் கேட்டதாகச் சொன்னது ஆஸ்கார் ஏழு அல்ல. போன வருஷம் நின்றது நின்றதுதான். அது நமக்கு நன்றாக உழைத்த செயற்கைக்கோள். நிலவரம் முடிந்தது" என்றாய்.

குரல் எங்கும் உடையவில்லை. சுமைகாரன் ஒருவன் கூடையை இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சு மட்டும் கடைசியில் வந்தது. உன் பின்னால் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம். பூமாலையாக இருக்கும்.

கெங்கம்மாள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே வந்து என் பின்னால் நின்றிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. சனிக்கிழமை இரண்டு பேரும் உன் வீட்டுக்கு வருகிறோம், கேப்பைக் கூழுக்குக் கருவாடு நான் கொண்டுவர்றேன் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

வேங்கடேசன் அடுத்து என்னைக் கூப்பிட்டார். உன் நிலவரத்துக்கு நன்றி சொல்ல வேண்டும், எல்லோர் முன்னாலும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் சொல்ல வேண்டும் என்று மைக்கை அழுத்தினேன். என் அலை போய்க்கொண்டே இருக்கிறது, வாயில் சொல் வரவில்லை. வேங்கடேசன் காத்திருந்து பார்த்துவிட்டு, "விழுப்புரம், கேக்குதுங்களா? இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கறோம்" என்றேன். அதோடு மைக்கை வைத்துவிட்டேன்.

எழுபத்துமூன்று.

சக்கரபாணி